தெருவுக்கு ஈந்த நிலம்

நுழையும்முன்

கடைத்தெருவுக்குச் சென்று வரும்போது, நேற்றுவரை நின்ற ஒரு பழைய கட்டடம் இன்று இல்லாதிருப்பதை நீங்கள் கண்டிருக்கலாம். அவ்விடத்தைச் சுற்றித் தகரத் தடுப்பு நிற்கும். சில மாதங்களில் அங்கே புதிய கட்டடம் எழும். அதன் முன்னுள்ள தெருவும் அகலமாகியிருக்கும். அகலமான தெருவில் நடப்பது நமக்கு எளிது. ஆனால், அந்த அகலத்துக்குரிய நிலம் எங்கிருந்து வந்தது? யாரோ ஒருவருடைய வீட்டு முற்றமோ, கடையின் முன்பகுதியோ தெருவாகியிருக்கிறது. அந்நிலத்தை யார் தந்தார்? எவ்வளவு தந்தார்? தந்தபின் அவருக்கு என்ன மிஞ்சியது? குஜராத் மாநிலத்தின் பூஜ் நகரம் இவ்வினாக்களை ஒரே காலத்தில் எதிர்கொண்டது. அவ்வரலாற்றை இப்பாடத்தில் கற்போம்.

மதிலுக்குள் ஒரு நகரம்

பூஜ், கட்ச் மாவட்டத்தின் தலைநகரம். 1549ஆம் ஆண்டில் முதலாம் ராவ் கெங்கார்ஜி என்னும் மன்னர் இதனைத் தம் நாட்டின் தலைநகராக்கினார். ஒருபுறம் கோட்டையுடன் கூடிய பூஜியா குன்று. மறுபுறம் ஹமீர்சர் ஏரி. இவற்றுக்கிடையே மதில் சூழ்ந்த பழைய நகரம் அமைந்திருந்தது. மதிலுக்கு ஐந்து பெருவாயில்களும் ஒரு சிறுவாயிலும் இருந்தன. ‘ஐந்து வாயில், ஆறாவது ஒரு சாளரம்’ எனப் பொருள்படும் தொடரால் அவ்வூர் மக்கள் தம் நகரைக் குறிப்பிடுவர்.

மதிலுக்குள் அரண்மனைகள் எழுந்தன. பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட ஆயினா மகால் கண்ணாடி வேலைப்பாடுகளால் புகழ்பெற்றது. ஐரோப்பாவில் பல கைத்தொழில்களைக் கற்றுவந்த ராம்சிங் மாலம் என்னும் கைவினைஞர் அதனை உருவாக்கினார். அதன் அருகிலேயே பிராக் மகாலின் கட்டுமானம் 1865இல் தொடங்கி 1879இல் நிறைவுற்றது. அதன் மணிக்கூண்டு நகரின் அடையாளமாயிற்று.

அரண்மனைகளைச் சுற்றி வீடுகளும் கடைகளும் நெருங்கி நின்றன. ஒரே தொழிலை அல்லது ஒரே சமூகத்தைச் சேர்ந்தோர் ஒரு முற்றத்தைச் சுற்றி வாழ்ந்தனர். அத்தகைய குடியிருப்பை அங்கு ‘ஃபளியா’ என்பர். குறுகிய சந்துகள் வளைந்து வளைந்து சென்றன. அவற்றுள் பல, மறுபக்கம் வழியில்லாத முட்டுச்சந்துகள். வெயில் கடுமையான அந்நிலத்தில் குறுகிய சந்து நிழல் தந்தது. அயலார் நுழைந்தால் உடனே தெரிந்துவிடுமாதலால் பாதுகாப்பும் தந்தது. மக்கள் நடந்தும் விலங்குகளின் மீது ஏறியும் சென்ற காலத்தில் அவ்வகலம் போதுமானதாக இருந்தது. காலப்போக்கில் ஒரு மாடி வீடுகள் பல மாடி வீடுகளாக உயர்ந்தன. மக்கள் பெருகினர், ஊர்திகள் வந்தன. சந்து மட்டும் அப்படியே இருந்தது.

குடியரசு நாளின் காலை

2001ஆம் ஆண்டு ஜனவரி 26. குடியரசு நாள். காலை 8.46 மணிக்குக் கட்ச் நிலம் அதிர்ந்தது. பச்சாவ் வட்டத்தை மையமாகக் கொண்ட அந்நிலநடுக்கத்தின் அளவு 7.7. குஜராத் மாநிலத்தில் 13,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

பூஜ் நகரின் பழைய வீடுகள் பலவற்றின் சுவர்கள், ஒழுங்கற்ற கற்களை மண்சாந்தினால் அடுக்கியவை. அவை அதிர்ச்சியைத் தாங்கவில்லை. இருபுறமும் இருந்த வீடுகள் சந்தின்மேல் சரிந்தன. வீட்டைவிட்டு வெளியே ஓடிவந்தவர்க்கும் நிற்க இடம் இல்லை. முட்டுச்சந்தில் இருந்தோர்க்கு மறுபக்கம் வழியில்லை. மண்ணை அகற்றும் இயந்திரங்களும் மருத்துவ ஊர்திகளும் உள்ளே செல்ல இயலாமல் திகைத்தன.

பூஜுக்குத் தென்கிழக்கே உள்ள அஞ்சார் நகரில், கொடியேந்தி அணிவகுத்துச் சென்ற பள்ளி மாணவர்கள் அவ்வேளையில் ஒரு குறுகிய தெருவில் இருந்தனர். இருபுறக் கட்டடங்களும் அவர்கள்மேல் வீழ்ந்தன. 185 மாணவர்களும் 20 ஆசிரியர்களும் உயிர்நீத்தனர். அவர்களுக்காக அந்நகரில் இன்று ஒரு நினைவகம் உள்ளது.

கட்ச் மண்ணுக்கு நிலநடுக்கம் புதிதன்று. 1819இலும் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தது. 1956இல் அஞ்சார் பகுதி பாதிக்கப்பட்டது. ஆயினும், இடிந்த இடத்திலேயே, இடிந்த விதத்திலேயே வீடுகள் மீண்டும் எழுந்திருந்தன. இம்முறை அவ்வாறு செய்யலாகாது என்னும் எண்ணம் வலுப்பெற்றது.

அங்கேயா, வேறிடத்திலா?

முதலில் எழுந்த வினா, பழைய நகரம் இருந்த இடத்திலேயே மீண்டும் கட்டுவதா, அதனைக் கைவிட்டு வேறிடம் செல்வதா என்பது. உறவினரை இழந்தோர் சிலர் அவ்விடத்தைக் காணவும் அஞ்சினர். வணிகர்களோ, வாடிக்கையாளர் அறிந்த இடத்தை விட்டுச் சென்றால் பிழைப்பு அற்றுப்போகும் என்றனர். கோவில், பள்ளிவாசல், ஏரி, அரண்மனை ஆகியவற்றை உடன் எடுத்துச் செல்ல இயலாது என்றும் பலர் கருதினர்.

முடிவில் இருவழிகளும் ஏற்கப்பட்டன. பழைய நகரம் அதே இடத்தில் மறுகட்டுமானம் செய்யப்படும். ஆனால் முன்பிருந்த நெருக்கம் குறைக்கப்படும். வெளியேற விரும்புவோர்க்கு நகருக்கு வெளியே நான்கு இடங்களில் புதிய மனைகள் வழங்கப்படும். வேலைகளை ஒருங்கிணைக்கப் பூஜ் பகுதி வளர்ச்சி ஆணையம் அமைக்கப்பட்டது. பழைய நகருக்காக எட்டு நகரமைப்புத் திட்டங்கள் வகுக்கப்பட்டன.

திட்டம் உருவாகும்வரை மதிலுக்குள் வீடு கட்ட இசைவு தரப்படவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி கட்டிவிட்டால், பின்னர்த் தெருவை அகலப்படுத்த இயலாது என்பதே காரணம். அது சரியான காரணம். எனினும் தற்காலிகக் கொட்டகையில் வெயிலையும் மழையையும் தாங்கிக் காத்திருந்த குடும்பங்களுக்கு அது எளிய செய்தியாக இல்லை.

தெருவுக்கு நிலம் வந்த வழி

தெருவை அகலப்படுத்த இரண்டு முறைகள் உள்ளன. முதல் முறையில், தெரு செல்லும் வழியில் உள்ள நிலத்தை மட்டும் அரசு விலைகொடுத்து எடுத்துக்கொள்ளும். அவ்வழியில் வீடு உள்ளவர் முழுவதையும் இழப்பார். இரண்டு வீடு தள்ளி இருப்பவர் எதையும் இழக்கமாட்டார்; புதிய தெருவால் அவருடைய மனையின் மதிப்பு உயரவும் செய்யும். ஒருவர் இழப்பு, மற்றவர்க்கு ஊதியமாகிறது.

இரண்டாம் முறையில் ஒரு பகுதியிலுள்ள எல்லா மனைகளும் ஒன்றாகக் கணக்கிடப்படும். தெருவுக்கும் பூங்காவுக்கும் பொதுப் பயன்பாட்டுக்கும் எவ்வளவு நிலம் வேண்டும் என வரையறுக்கப்படும். அந்நிலத்தை ஒருவரிடமிருந்து மட்டும் எடுக்காமல், எல்லாரிடமிருந்தும் சிறிது சிறிதாகப் பெறுவர். எஞ்சிய நிலத்தைத் திருத்தமான எல்லைகளோடு மீண்டும் மனைகளாகப் பிரித்து, பழைய இடத்திலோ அதற்கு அருகிலோ உரிமையாளர்க்குத் திருப்பித் தருவர். மனை சற்றுச் சிறிதாகும். ஆனால் அதன் முன் நல்ல தெரு இருக்கும். இதற்கு நிலச் சீரமைவு என்று பெயர். குஜராத் மாநிலத்தில் இம்முறை நெடுங்காலமாகச் சட்டப்படி வழக்கில் உள்ளது. பெரும்பாலும் நகரின் விளிம்பிலுள்ள வயல்வெளிகளில் கையாளப்பட்ட இதனை, மக்கள் நெருங்கி வாழ்ந்த ஒரு நகரின் நடுப்பகுதியில் கையாண்டதே பூஜ் நகரின் சிறப்பு.

எல்லாரிடமும் ஒரே விகிதத்தில் நிலம் பெறுவது முறையாகுமா? சிந்தித்துப் பாருங்கள். ஆயிரம் சதுர மீட்டர் மனையில் முந்நூறு சதுர மீட்டர் குறைந்தாலும் வீடு கட்டலாம். முப்பது சதுர மீட்டர் மனையில் ஒன்பது சதுர மீட்டர் குறைந்தால் ஓர் அறையே போய்விடும். விகிதம் ஒன்றே, துன்பம் ஒன்றன்று. இதனை உணர்ந்தே பூஜில் படிநிலை வகுக்கப்பட்டது. முப்பது சதுர மீட்டருக்கு மேற்படாத மனைகளிலிருந்து நிலம் பெறப்படவில்லை. அதற்கு மேல் நூறு சதுர மீட்டர் வரையுள்ள மனைகளிலிருந்து பத்து விழுக்காடு பெறப்பட்டது. மனை பெரிதாகப் பெரிதாக விழுக்காடும் உயர்ந்தது. எண்பது சதுர மீட்டர் மனையுடையவர் எட்டுச் சதுர மீட்டரைத் தந்து எழுபத்திரண்டைப் பெற்றார். பெருமனையுடையோர் தம் நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தந்தனர்.

இதனைத் தாளில் எழுதுவது எளிது. மண்ணில் நிறைவேற்றுவது கடினம். இடிபாடுகளுக்கு அடியில் எல்லைக் கற்கள் புதைந்திருந்தன. பலரிடம் பத்திரம் இல்லை. சிலருடைய பத்திரம் பாட்டனார் பெயரில் இருந்தது. நில அளவையர் தெருத்தெருவாகச் சென்று அளந்தனர். வரைபடங்கள் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. மக்கள் தம் கருத்துகளையும் மறுப்புகளையும் தெரிவித்தனர். அவற்றுக்கேற்ப வரைபடங்கள் திருத்தப்பட்டன.

கட்டடம் கற்ற பாடம்

தெரு மட்டும் அகன்றால் போதாது. அதன் இருபுறமும் எழும் கட்டடம் உறுதியாக இருத்தல் வேண்டும். கட்டடத்தை நிறுத்துவது கல்லும் சாந்தும் மட்டுமல்ல. அதன் உறுப்புகள் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதே அதன் வலிமை. நான்கு சுவர்களும் தனித்தனியே நின்றால், நிலம் அசையும்போது அவை வெவ்வேறு திசைகளில் சாயும். அடித்தளத்திலும், கதவு சன்னல்களுக்கு மேலும், கூரையின் கீழும் இரும்புக்கம்பி பதித்த கான்கிரீட் பட்டைகளை வீட்டைச் சுற்றி அமைத்தால், கயிற்றால் கட்டிய பெட்டியைப்போல வீடு ஒன்றுபட்டு நிற்கும். மூலைகளில் நேர்நிலையாகக் கம்பி வைத்தல் மேலும் வலுவூட்டும்.

கொத்தனார்களுக்கு இம்முறைகள் பயிற்றுவிக்கப்பட்டன. வீடு கட்டுவதற்குரிய அரசு உதவித்தொகை தவணைகளாக வழங்கப்பட்டது. ஒவ்வொரு கட்டத்தையும் பொறியாளர் பார்வையிட்டுச் சான்றளித்த பின்னரே அடுத்த தவணை கிடைத்தது. எனவே பாதுகாப்பு என்பது விருப்பம் அன்று, கட்டாயம் ஆயிற்று.

இடிந்த மருத்துவமனைக்கு மாற்றாக எழுந்த புதிய மருத்துவமனையில் மற்றொரு நுட்பம் கையாளப்பட்டது. அடித்தளத்துக்கும் கட்டடத்துக்கும் இடையே ரப்பரும் உலோகமும் கலந்த தாங்கிகள் பொருத்தப்பட்டன. நிலம் விரைந்து அசையும்போது அத்தாங்கிகள் அசைவை வாங்கிக்கொள்ளும்; மேலுள்ள கட்டடம் மெதுவாகவே அசையும். பேரிடர் நாளில் மிகவும் தேவைப்படும் கட்டடம், அந்நாளில் நின்றாக வேண்டுமல்லவா?

பெற்றதும் இழந்ததும்

இன்று பூஜ் நகரின் நடுப்பகுதியில் ஊர்திகள் செல்லத்தக்க தெருக்கள் உள்ளன. முட்டுச்சந்துகள் பல திறக்கப்பட்டு, ஒரு தெருவிலிருந்து மற்றொரு தெருவுக்கு வழி உண்டாயிற்று. பூங்காக்களும் திறந்தவெளிகளும் அமைந்தன. பழைய ஏரியும் அங்கேயே இருக்கிறது. நல்ல மழை பெய்து ஹமீர்சர் ஏரி நிரம்பி வழிந்தால், மக்கள் அதனை விழாவாகக் கொண்டாடுவர். நகருக்கு விடுமுறையும் விடப்படும். பூஜியா குன்றின்மேல், நிலநடுக்கத்தில் உயிரிழந்தோரின் பெயர்களைத் தாங்கிய நினைவகம் 2022இல் திறக்கப்பட்டது.

இழப்பும் உண்டு. பலர் வெளியிலுள்ள புதிய குடியிருப்புகளுக்குச் சென்றதால் ஃபளியாக்களின் அண்டை உறவுகள் கலைந்தன. ஒரே முற்றத்தில் வளர்ந்தோர் வெவ்வேறு திசைகளில் வாழலாயினர். அகன்ற தெருவில் நிழலும் குறைந்தது. செதுக்கிய மரத்தூண்களும் பலகணிகளும் கொண்ட பழைய வீடுகள் பல மறைந்தன.

எல்லாவற்றினும் மேலாகக் கருதத்தக்கது ஒன்றுண்டு. நிலச் சீரமைவு, நிலம் உடையவர்களின் கணக்கு. வாடகை வீட்டில் இருந்தவர்க்கு அக்கணக்கில் வரி இல்லை. அவரும் அதே தெருவில் வாழ்ந்தவர். அதே இரவுகளைக் கொட்டகையில் கழித்தவர். ஆனால் திருப்பித் தருவதற்கு அவர் பெயரில் மனை இல்லை. உதவி முதலில் உரிமையாளர்க்குச் சென்றது. வாடகைக்கு இருந்த ஏழைகள் பலர் நிலையான வீட்டுக்கு நெடுங்காலம் காத்திருந்தனர். சிறுமனை உடையவரை மறவாத திட்டம், மனையே இல்லாதவரைப் பிற்பாடுதான் நினைத்தது.

பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்து வாடகை வீடுகளில் வாழும் குடும்பங்கள் நம் நாட்டின் எல்லா நகரங்களிலும் உள்ளன. உங்களுள் சிலருடைய குடும்பமும் அவற்றுள் ஒன்றாக இருக்கலாம். ஆகவே, ஒரு நகரின் நடுப்பகுதி மாற்றிக் கட்டப்படும்போது, ‘கட்டடம் எவ்வளவு உயரம்? தெரு எவ்வளவு அகலம்?’ என்று மட்டும் கேட்டல் போதாது. ‘இதற்கு யார் எவ்வளவு தந்தார்? மிகச் சிறிய மனைக்காரர்க்கு என்ன மிஞ்சியது? மனையில்லாதவர் எங்கே சென்றார்?’ என்றும் கேட்டல் வேண்டும். இம்மூன்றுக்கும் நல்ல விடை உள்ள நகரமே நன்கு கட்டப்பட்ட நகரம்.

தெரிந்து தெளிவோம்

கட்ச் பகுதியின் சிற்றூர்களில் ‘பூங்கா’ என்னும் வட்டவடிவ மண்வீடுகள் உள்ளன. (இது மலர்ப்பூங்கா அன்று, அவ்வூர்ச் சொல்.) வட்டச் சுவருக்கு மூலைகள் இல்லை, கூம்பு வடிவக் கூரையின் எடையும் குறைவு. ஆகையால் 2001 நிலநடுக்கத்தில் இவ்வகை வீடுகள் பல வீழாமல் நின்றன.

சொல்லும் பொருளும்

மனை – வீடு கட்டுவதற்குரிய நிலம், வீடு
முட்டுச்சந்து – மறுபக்கம் வழியில்லாத சிறு தெரு
இசைவு – ஒப்புதல், அனுமதி
விழுக்காடு – நூற்றில் ஒரு பங்கைக் கொண்டு கூறும் அளவு
ஊதியம் – இப்பாடத்தில், பயன் அல்லது இலாபம்
பலகணி – சன்னல்
படிநிலை – ஒன்றன்மேல் ஒன்றாக உயரும் அளவுமுறை

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. பூஜ் தலைநகராக்கப்பட்ட ஆண்டு
(அ) 1819 (ஆ) 1549 (இ) 1865 (ஈ) 1956

2. மதில் சூழ்ந்த பழைய நகருக்காக வகுக்கப்பட்ட நகரமைப்புத் திட்டங்கள்
(அ) நான்கு (ஆ) ஐந்து (இ) ஆறு (ஈ) எட்டு

3. நிலம் பெறப்படாத மனைகளின் உச்ச அளவு
(அ) 10 சதுர மீட்டர் (ஆ) 30 சதுர மீட்டர் (இ) 80 சதுர மீட்டர் (ஈ) 100 சதுர மீட்டர்

ஆ. ஓரிரு தொடர்களில் விடை தருக.

1. குறுகிய சந்துகள் முற்காலத்தில் மக்களுக்கு எவ்வாறு பயன்பட்டன?
2. திட்டம் உருவாகும்வரை வீடு கட்ட இசைவு தரப்படாதது ஏன்?
3. புதிய மருத்துவமனையில் பொருத்தப்பட்ட தாங்கிகளின் பயன் யாது?

இ. ஐந்து தொடர்களில் விடை தருக.

1. தெருவை அகலப்படுத்தும் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு எழுதுக.
2. “விகிதம் ஒன்றே, துன்பம் ஒன்றன்று.” இத்தொடரை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
3. மறுகட்டுமானத்தால் பூஜ் மக்கள் பெற்றவை, இழந்தவை ஆகியவற்றைத் தொகுத்து எழுதுக.

ஈ. கணக்கிட்டு, சிந்தித்து எழுதுக.

ஒரு கற்பனைத் தெருவில் 25, 60, 90, 400 சதுர மீட்டர் அளவுள்ள நான்கு மனைகள் உள்ளன. தெருவை அகலப்படுத்த 115 சதுர மீட்டர் நிலம் வேண்டும். யாரிடமிருந்து எவ்வளவு பெறலாம்? 25 சதுர மீட்டர் மனையுடையவராக ஒருவரும், 400 சதுர மீட்டர் மனையுடையவராக ஒருவரும், வாடகைக்கு இருப்பவராக ஒருவரும் வகுப்பில் பேசுக. பின்னர் வகுப்பினர் ஏற்ற முடிவைக் காரணத்துடன் எழுதுக.

மொழிப்பயிற்சி

1. செயப்பாட்டு வினைத் தொடராக மாற்றுக.
எடுத்துக்காட்டு: நில அளவையர் மனைகளை அளந்தனர். – மனைகள் நில அளவையரால் அளக்கப்பட்டன.
(அ) பொறியாளர் வீட்டைப் பார்வையிட்டார்.
(ஆ) ராம்சிங் மாலம் அரண்மனையை உருவாக்கினார்.
(இ) மக்கள் விழாவைக் கொண்டாடினர்.

2. கட்டடம், கட்டிடம் ஆகிய இரு சொற்களும் இன்று ஒன்றுபோல் வழங்குகின்றன. ‘கட்டடம்’ கட்டப்பட்டதைக் குறிக்கும். ‘கட்டிடம்’ கட்டுவதற்குரிய இடத்தைக் குறிக்கும் என வேறுபடுத்துவாரும் உளர். இவ்வேறுபாடு தோன்ற இரு தொடர்களை எழுதுக.

3. பேச்சு வழக்கை எழுத்து வழக்காக மாற்றுக.
(அ) பழைய வீட்ட இடிச்சிட்டாங்க.
(ஆ) தெரு ரொம்ப அகலமாயிடுச்சு.
(இ) வாடகைக்கு இருந்தவங்க எங்க போனாங்க?

செயல்திட்டம்

நீங்கள் வாழும் நகரின் கடைத்தெருவில் அண்மையில் மாறிய ஓரிடத்தைத் தேர்ந்தெடுங்கள். அங்கு நெடுங்காலம் கடை வைத்திருக்கும் ஒருவரிடம், முன்பு அவ்விடம் எவ்வாறு இருந்தது எனக் கேட்டறியுங்கள். வீட்டில் தாத்தா, பாட்டி அல்லது பெற்றோரிடம் அவர்கள் சொந்த ஊரின் கடைத்தெரு அன்றும் இன்றும் எவ்வாறு உள்ளது எனக் கேளுங்கள். இரண்டையும் ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் தமிழில் எழுதி, வீட்டில் உள்ளோர்க்குப் படித்துக் காட்டுங்கள்.